வெளியே சொல்லாமல் கேட்ட நிதி

திருமூர்த்தி எதையும் முடிந்த பிறகுதான் வெளியே சொல்வார். டெக்சஸின் சுகர் லேண்டில் வீடு வாங்கியதைக் கிரகப்பிரவேச அழைப்பில்தான் சொன்னார். கிரீன் கார்டு நேர்காணலுக்குப் போன அன்று, பல் டாக்டரிடம் போவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தார். சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர் கட்சி. பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் இதை அவர் நம்புவதில்லை. கடைப்பிடிக்க மட்டும் செய்கிறார்.

வரும் ட்ரோன் எந்த ரகம் என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்லும் பெட்டி ஒன்றை அவருடைய சின்னக் கம்பெனி செய்திருந்தது. ராணுவம் அதைச் சோதித்துப் பார்க்க, பாதுகாப்புச் செலவு மசோதாவில் நிதி ஒதுக்கச் சொல்லி வாஷிங்டன் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, பழைய எண்ணெய் நிறுவனத்துக்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

இப்படி ஏறி இறங்குவதற்கு லாபியிங் என்று பெயர். அதைச் செய்தவர்கள், எதைக் கேட்டோம் என்று காலாண்டுதோறும் அரசுக்கு எழுதித் தர வேண்டும். அரசு அதை உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடும்.

கம்பெனி நிர்வாகத்தைப் பார்க்கும் அவர் மனைவி கண்மணி, கடைசி நாளன்று அறிக்கையைத் திறந்தார். திருமூர்த்தி அதில் எழுதியிருந்தது: 'பாதுகாப்பு தொடர்பான பொதுவான விஷயங்கள்.'

"என்னங்க இது?"

"உண்மைதானே."

"எந்த மசோதா, எந்த ப்ரோக்ராம்னு ஸ்பெசிஃபிக்கா போடணும். சைன் பண்றது நான்."

"போட்டா கஸ்தூரிரங்கன் பாத்துடுவான்."

கஸ்தூரிரங்கன் அவருடைய கல்லூரி நண்பர். கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இதே மாதிரிக் கம்பெனி வைத்திருக்கிறார். திருமூர்த்தியின் புதுக் காரை அவர் 'சூப்பர்டா' என்று பாராட்டிய மறுநாள் ஃப்ரீவேயில் டயர் வெடித்தது. அதற்கு முன் அவர் பாராட்டியது திருமூர்த்தியின் தலைமுடியை.

"அவருக்கு இதைத் தேடிப் படிக்கிறதுதான் வேலையா?"

"போட்டிக் கம்பெனி என்ன கேக்குதுன்னு எல்லாரும் அதுலதான் பாப்போம். நானே பாப்பேன்."

"நீங்க பாக்கலாம், உங்களை யாரும் பாக்கக் கூடாது. சட்டத்துல திருஷ்டிக்கு எக்ஸெம்ப்ஷன் இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டேங்க. இல்ல."

மசோதாவின் எண், திட்டத்தின் பெயர், பெட்டி செய்யும் வேலை எல்லாவற்றையும் தட்டி, கண்மணி அறிக்கையை அனுப்பினார். அன்றிரவு திருமூர்த்தி துக்கத்தில் நாலு தோசையோடு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் கஸ்தூரிரங்கனிடமிருந்து போன். கண்மணி ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், உன் ஃபைலிங் பாத்தேன். சூப்பர்டா."

திருமூர்த்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அதே ப்ரோக்ராமுக்குத்தான் நானும் அலையறேன். ஒரே ஒரு கம்பெனிக்காக ஒதுக்க முடியாதுன்னு நிதி ஒதுக்கற கமிட்டி ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க. உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"அதேதான்டா."

"அப்ப ரெண்டு கம்பெனி ஆச்சுல்ல. சேந்து போவோம். முன்னாடியே சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?"

திருமூர்த்தி அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். கண்மணி பதில் சொல்லத் தயாராக இருந்தார்.

இருவரும் சேர்ந்து போனார்கள். ஒருவர் கேட்டால் அது சலுகை, இருவர் கேட்டால் தேசத்தின் தேவை என்பது வாஷிங்டன் கணிதம். தேசத்தின் தேவை மசோதாவில் ஏறியது. மசோதா சட்டமும் ஆனது.

வசந்தத்தில், டெக்சஸ் மேய்ச்சல் நிலம் ஒன்றில் ராணுவ அதிகாரிகள் வானத்தைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் கண்ணில் எதுவும் படுவதற்கு முன்பே, வரும் ட்ரோனின் ரகத்தைப் பெட்டி சரியாகச் சொன்னது. அடுத்ததையும் சொன்னது. அதற்கு அடுத்து வந்தது ட்ரோனே இல்லை, புல்வெட்டும் இயந்திரம் என்றும் சொன்னது.

மூத்த அதிகாரி திரும்பி, இந்த மாதிரி வேறு பெட்டிகள் கைவசம் இருக்கின்றனவா என்று கேட்டார். இது ஒன்றுதான் என்று திருமூர்த்தி உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள், எத்தனை வேண்டும் என்று கண்மணி கேட்டுவிட்டார்.