பீப்பாயில் வந்த வீடு

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இடது கண்மேல் சத்தியம் செய்கிறேன். வலது கண்ணில் பார்வை போய் ஆறு வருடமாகிறது. அதன்மேல் செய்தால் செல்லாது என்று எங்கள் பாதிரியார் சொல்லிவிட்டார்.

கதை பிறந்தது இப்படி. போன பிப்ரவரியில் அமெரிக்காவின் ப்ராக்டன் நகரத்திலிருந்து ஒரு பெண் எங்கள் ஃபோகு தீவுக்கு வந்தாள். பெயர் இவாந்த்ரா. வயது முப்பத்தொன்று. என்னோடு ஆடு மேய்த்த பெலார்மீனுவின் மகள். அவளுக்கு அங்கே ஞானஸ்நானம் நடந்தபோது, இங்கே திராட்சைக்கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த நான் அவளுக்கு ஞானத்தந்தை ஆனேன். கோயிலில் எனக்குப் பதிலாக ஒரு பஸ் டிரைவர் நின்றாராம். பெலார்மீனு இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் ஊரை மகள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான்கு நாள் இருந்தாள். போகும்போது, "ஞானப்பா, நீங்க நல்லா எழுதுவீங்களே. இந்த நாலு நாளையும் எழுதி அனுப்புங்க" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

2

முதல் தொடக்கம்: "விமானத்தின் சன்னலில் எரிமலை தெரிந்ததும் இவாந்த்ராவின் நெஞ்சு—"

அடித்துவிட்டேன். அவள் நெஞ்சு என்ன செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வயிற்றைப் புரட்டியது என்றுதான் அவள் சொன்னாள்.

இரண்டாம் தொடக்கம்: "அவளிடம் இரண்டு கடவுச்சீட்டுகள் இருந்தன. அவளுக்குள் இரண்டு—"

இரண்டு இதயங்கள் என்று எழுதப்போனேன். கை கூசியது.

மூன்றாவது, அவளே சொன்னது. தலைநகர் ப்ராயாவில் இறங்கி, அமெரிக்கச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிநாட்டார் வரிசையில் நின்றிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"அப்பா ஃபோகுக்காரர். எரிமலைக்குள்ள இருக்கற ஊரு."

"இந்த நாட்டுச் சீட்டு இருக்கா?"

"இருக்கு. பையில."

"அதைப் பையில வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு நிக்கறே? சொந்த வீட்டுக்கு வர்றவ வாசல்ல நின்னு மணி அடிப்பாளா? போ, அந்தப் பக்கம் போ."

வரிசை மாறுவதற்குள் அழுதுவிட்டாளாம். இந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொள்கிறேன். இதில் வீடு என்ற சொல் வருகிறது. இந்தக் கதைக்கு அது வேண்டும்.

3

எங்கள் ஊரில் வெளிநாடு போனவர்கள் பீப்பாய் அனுப்புவார்கள். அரிசி, சோப்பு, சட்டை, பால்பவுடர். பெலார்மீனு வீடு அனுப்பினான்.

பொய்யில்லை. முதல் பீப்பாயில் பன்னிரண்டு கதவுக் கீல்கள் வந்தன. அடுத்த வருடம் குழாய்கள். அதற்கடுத்த வருடம், போர்வைக்குள் சுற்றிய சன்னல் கண்ணாடி. பிறகு நீலச் சாயம், நான்கு டப்பா. ஒருமுறை ஒரு பீப்பாய் முழுக்கத் தாழ்ப்பாள்களாக வந்தபோது துறைமுகத்து ஆள், "உங்க நண்பர் சிறைச்சாலை கட்டறாரா?" என்று கேட்டார். கல்லும் சுண்ணாம்பும் ஆளும் என் பொறுப்பு.

நான் கடிதம் எழுதுவேன். அஸ்திவாரம் போட்டாச்சு. கீழ்த்தளம் முடிந்தது. மாடிப் படி பதினாலு, அதில் ஏழாவது மட்டும் கொத்தனார் குடித்திருந்த அன்று கட்டியது, ஒரு விரற்கடை உயரம், வரும்போது பார்த்து ஏறு. நீலச் சன்னலைத் திறந்தால் எரிமலை நேராக உன் முகத்தைப் பார்க்கும். இப்படி இருபத்திரண்டு வருடம்.* பெலார்மீனு அந்தக் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு வாசித்துக் காட்டுவானாம். அவளுக்கு ஏழாவது படி மனப்பாடம்.

இவாந்த்ரா இரண்டாவது கடவுச்சீட்டு வாங்கியதே இந்த வீட்டுக்காகத்தான். வந்த அன்று சொன்னாள்: "அங்கயும் நீ எந்த ஊருன்னு கேக்கறாங்க, இங்கயும் கேக்கறாங்க, ஞானப்பா. அப்பா கட்டின வீட்ல ஒரே ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சுட்டேன்னா, கேக்கறவங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு கதவு இருக்கும்."

இப்போது வாசகரே, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த வீடு கட்டப்படவே இல்லை.

கீல்கள் ஊரிலுள்ள பன்னிரண்டு வீடுகளுக்குப் போயின. குழாய்கள் பள்ளிக்கூடத்துக்கு. நீலச் சாயத்தில் கல்லறைத் தோட்டத்துக் கேட் பளபளத்தது. வீடு என் கடிதங்களில் மட்டும் உயர்ந்தது. தாளில் சுவர் எழுப்புவது லேசு.

(* பெலார்மீனு ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். முதலில் குடியேற்றக் காகிதம் இல்லை. காகிதம் வந்தபோது லீவு இல்லை. லீவு வந்தபோது சிறுநீரகம் இல்லை.)

4

பிறகு எரிமலை எனக்கு ஓர் உதவி செய்தது.

2014 நவம்பரில் வெடித்தது. எரிகுழம்பு எங்கள் ஊருக்குள் மெதுவாக, வரி வசூலிக்க வந்த ஆள்போல, வீடு வீடாக ஏறி வந்தது. யாருக்கும் காயமில்லை. கட்டிலையும் அலமாரியையும் தூக்கிப்போக நேரம் இருந்தது. என் பக்கத்து வீட்டு தொமிங்காஷ் தன் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். வீடு அடியில் போய்விட்டது. சாவி இன்னும் அவள் இடுப்பில் இருக்கிறது. என் வீடும் போனது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பெலார்மீனுவுக்கு எழுதினேன்: "உன் வீடும் போய்விட்டது." அதை நம்பாத ஆள் உண்டா?

அவன் நம்பினான். மகள் மட்டும் நம்பாமல் வந்தாள். இல்லை. (இதைத் திருத்த வேண்டும்.) நம்பித்தான் வந்தாள். மேலே நின்றாவது பார்க்க வேண்டும் என்று.

வேனிலிருந்து இறங்கியதும் உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டினாள். "ஆசீர்வாதம் குடுங்க, ஞானப்பா." எங்கள் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் கேட்பது இது. அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறான், ஆனால் யாரிடம் என்று சொல்லவில்லைபோலிருக்கிறது. வேன் டிரைவரிடமும் கேட்டாள். அவனுக்கு இருபத்தைந்து வயது. அவன் பயந்துபோய்க் கொடுத்துவிட்டான்.

நானும் கொடுத்தேன். "கடவுள் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும்."

பாறைமேல் மறுபடி எழுந்த ஊரில் வாடகைக்கு அறை விடும் வீடொன்றில் அவளைத் தங்கவைத்தேன். மறுநாள் காலையில் கறுப்புப் பாறைவெளிக்குக் கூட்டிப்போனேன். ஓரிடத்தில் நின்று, "இங்கதான். இதுக்குக் கீழ" என்றேன். அவள் பையிலிருந்து என் கடிதங்களை எடுத்தாள். எல்லாமே இருந்தன.

"வாசல் எந்தப் பக்கம்?"

காட்டினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பாறை கண்ணாடிபோலக் குத்தும். அவள் கழற்றினாள். "இது சமையல்கட்டு. இங்க தண்ணித் தொட்டி. இங்கேருந்து படி." ஒரு மேட்டில் ஏறத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழாவதில் காலைக் கொஞ்சம் உயரத் தூக்கி வைத்தாள்.

நான் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கும்போது கைப்பிடியளவு கறுப்புக்கல் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் கட்டினாள். "அப்பா கல்லறையில வெப்பேன். அவர் வீட்ல கொஞ்சமாவது அவர்கிட்ட இருக்கட்டும்."

5

இந்தக் கதையில் 'நான்' என்று வரும் கிழவன்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. கண்ணீர் வர வேண்டிய இடத்தில் மலையைப் பார்க்கிறான். தலைப்பிலிருந்து அவனைத் தூக்கிவிடலாமா என்று பார்த்தேன். தலைப்பில் அவன் இல்லை.

சாயங்காலம் தொமிங்காஷ் வழிமறித்தாள்.

"என்ன கிழவா, பொண்ணுக்கு வீட்டைக் காட்டிட்டியா?"

"காட்டிட்டேன்."

"எந்த வீட்டை?"

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"என் வீடு உள்ள கிடக்கு, எனக்கென்ன வேலை? நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்ப்பா. உன் பேரப்பிள்ளைங்க முகத்துக்காகச் சொல்லமாட்டேன்." சாவியை ஆட்டிக்கொண்டே போனாள். அவளுக்கு எப்போதும் நாக்கு நீளம்.

[இந்த உரையாடலை எடுத்துவிடலாம். கதைக்கு அவசியமில்லை.]

நான்கு நாளும் இவாந்த்ராவை எல்லா வீட்டுக்கும் கூட்டிப்போனேன். எல்லோரும் ஒயின் ஊற்றினார்கள், ஆட்டுப் பாலாடைக்கட்டி வைத்தார்கள், அப்பாவின் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்றார்கள். என் வீட்டுக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். நான்கு குழந்தைகள், இடம் போதாது என்றும் சொன்னேன். ஒரு காரணம் போதுமாயிருந்தது.

6

கடைசி நாள் காலை. வேன் நிற்கிறது. இவாந்த்ரா உள்ளங்கையை நீட்டுகிறாள். "ஆசீர்வாதம் குடுங்க, ஞானப்பா."

முடிவு ஒன்று: கிழவன் ஆசீர்வதிக்கிறான். வேன் போகிறது. கைக்குட்டையில் கட்டிய கல் அவள் மடியில் கிடக்கிறது. (அழகான முடிவு. வெட்கங்கெட்ட முடிவும்கூட.)

முடிவு இரண்டு: கிழவனின் கை எழும்பவில்லை. அவள் நீட்டிய கை அப்படியே நிற்கிறது. "என்ன ஞானப்பா, உடம்பு சரியில்லையா?" டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

முடிவு மூன்று: கிழவன் சொல்கிறான், "வண்டி போகட்டும், மகளே. உனக்கு ஒண்ணு காட்டணும்."

மூன்றாவதைத்தான் அதிக தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இருவரும் மேட்டுப்பாதையில் நடக்கிறார்கள், கடைசித் திராட்சைத் தோட்டத்தைத் தாண்டுகிறார்கள், அங்கே வாக்கியம் நின்றுவிடுகிறது. காட்டுவதற்கு இந்தக் கதையில் வீடு இல்லையே. நான்தான் மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேனே.

நடந்தது எது? அவள் கையை நீட்டினாள். அதுவரை சத்தியம்.

7

இந்தத் தாள்களை மடித்து உறையில் போட்டாயிற்று. ப்ராக்டன் விலாசமும் எழுதியாயிற்று. நீங்கள் முதலில் படிக்கிறீர்கள். அனுப்பலாமா, அடுப்பில் போடலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள். எனக்கு வயது எழுபத்தொன்பது, என் மகளுக்கும் அவள் நான்கு பிள்ளைகளுக்கும் போக வேறு இடமில்லை, இவாந்த்ராவின் கையெழுத்துக்கு இந்த நாட்டில் இப்போது மதிப்பிருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்துச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன் ஒரே ஒரு தகவல்: எரிகுழம்பு அந்த வீட்டின் முதல் படிக்குப் பதினொரு அடி முன்னால் நின்றுவிட்டது. நான் இதை நீலச் சன்னலருகே உட்கார்ந்து எழுதுகிறேன்.