ராணி குதித்த பாறை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு மலைக்காட்டுக் காப்பகத்தில் நான் பாதி தூரம்தான் ஏறினேன். முட்டி மக்கர் பண்ணிவிட்டது. நிழலில் உட்கார்ந்திருந்தபோது வழிகாட்டியும் அவர் மனைவியும், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், என்னைக் கடந்து போனார்கள். மிச்சத்தையெல்லாம் நானே கட்டிக்கொண்டேன். இடிபாடுகள் உட்பட.

2

பனி படர்ந்த முகட்டில் காலம் உறைந்து...

(வேண்டாம். காலம் உறையாத மலைக்கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

வழிகாட்டி வாயைத் திறந்தால் மூடமாட்டார். நடைபாதை முடிகிற இடத்தில் கூரையில்லாத நாலு சுவர், பக்கத்தில் ஒரு பாறை. போருக்குப் போன ராஜா திரும்பவே இல்லை, காத்திருந்து காத்திருந்து ராணி இங்கிருந்துதான் குதித்தாள் என்பார். சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் 'ஐயோ பாவம்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பாறையில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளும்.*

* அது தானியக் கிடங்கு என்கிறது பலகை. பலகையை யார் படிக்கிறார்கள்?

3

வீட்டில் அதே மனிதர் ஊமை. "தொண்டை வலிக்குது" என்பதோடு சரி. அன்று காலை மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறேன். அதுக்கு முன்னாடி, நீங்க தினம் மணிக்கணக்கா பேசற அந்த மகராசி இடத்தை ஒரு தடவை பாத்துடறேன்."

(இவளை அழுமூஞ்சியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். கேட்கமாட்டேன் என்கிறாள்.)

4

பாறை வந்தது. வழிகாட்டி தொண்டையைச் செருமினார். கூட்டத்தின் கடைசியில் மனைவி.

"ராஜா போருக்குப் போனாரு. ராணி காத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசில..."

வருஷக்கணக்காகத் தானாக வந்த வார்த்தை வரவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"கடைசில ராஜா வந்துட்டாரு."

"அப்ப ராணி குதிக்கலையா?" தொப்பிக்காரர் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதுக்குத்தானேய்யா இவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்தோம்!"

மனைவி எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வந்தாரு, சரி. வந்து என்ன பேசினாரு?"

5

முடிவு ஒன்று: அவர் அழுகிறார், அவள் பெட்டியைப் பிரிக்கிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: அவள் பஸ் ஏறுகிறாள், மலையில் மழை பெய்கிறது. (பரிசு கிடைக்கும்.)

மூன்றாவதில் அவர் வாயைத் திறந்தாக வேண்டும். யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். அரசவை வசனம் மூட்டை மூட்டையாக வருகிறது. பெண்டாட்டியிடம் பேச ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவரிடம்.