பேரிங்குக்குள் ஒரு கல்யாண மோதிரம்

1

இந்தக் கதை ஒரு பேரிங்கிலிருந்து வந்தது. சிரிக்காதீர்கள். ஆலை ஃபிட்டர் ஒருவர் எனக்கு விளக்கினார்: பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு, சுற்றுகிற வேகத்திலேயே எண்ணெயைத் தன்னடியில் இழுத்துக்கொண்டு, அந்தப் படலத்தின்மேல், உலோகத்தைத் தொடாமல் மிதக்கிறதாம். சூடேறிய எண்ணெய் அந்தப் பேரிங் பெட்டிக்குள்ளேயே இறங்கி, ஆறி, மறுபடி மேலே போகிறதாம். வெளியே பம்பு கிடையாது, குழாய் கிடையாது. "யாரையும் எதிர்பார்க்காது சார்!" என்று பூரித்துப் போனார். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட யாரும் இப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை.

2

முதல் தொடக்கம்: ஆலையின் பெருமூச்சு விண்ணை முட்ட...

அட, சீ. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: பேரிங் மூடியைத் திறந்து எண்ணெய் பார்க்கையில் ஃபிட்டரின் கல்யாண மோதிரம் நழுவி உள்ளே விழுந்துவிட்டது. (எப்படி நழுவும்? ஆள் இளைத்துவிட்டார், போதுமா?)

3

அவர் மனைவி ஆலைக்கே வந்துவிட்டாள். (காவலாளி எப்படி விட்டார் என்று கேட்காதீர்கள். முடிந்தால் நீங்கள் தடுத்துப் பாருங்கள்.)

"மிஷினை நிறுத்துங்க. மோதிரத்தை எடுங்க. இல்லன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

"நிறுத்தினா ஷாஃப்ட் கீழ உட்கார்ந்துடும்மா. உலோகத்தோட உலோகம் உரசும். ரெண்டு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓடுது. மோதிரம் அடியிலதான் கிடக்கு, எங்க போயிடும்?"

சொல்லிக்கொண்டே, பழக்கதோஷம், பேரிங்கின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். மணிக்கொரு தரம் பார்ப்பார்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"போன மாசம் காய்ச்சல்ல கிடந்தேனே, ஒரு தடவை என் நெத்தியில கை வெச்சீங்களா?"

இது என் திட்டத்திலேயே இல்லை. நான் பாட்டுக்கு ஒரு மோதிரத்தை வைத்து வேடிக்கைக் கதை பண்ணிக்கொண்டிருந்தேன்!

4

ஃபிட்டர் என் பக்கம் திரும்பினார். "சார், ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார். நிஜமாவே போயிடுவா."

எழுதினேன்.

அ) "உனக்கு முன்னாடி இந்த மிஷின் எம்மாத்திரம்!" (அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.)

ஆ) சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்துகிறார், ஷாஃப்ட் கிறீச்சிட்டு... (சினிமா. வேண்டாம்.)

இ) "நீதான் யாரையும் எதிர்பார்க்காம எல்லாத்தையும் சமாளிச்சுக்குவியேன்னு..."

இதற்கு அவள் அவரை முறைக்கவில்லை. என்னை முறைத்தாள்.

"இதெல்லாம் நீங்க சொல்றது. அவர் வாயால வரட்டும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

இவர்கள் பிரிந்துவிடக் கூடாது. ஆனாலும் பேனாவை மூடிவிட்டேன். ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறார்.

வாசகரே, நீங்களும் அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.