பதினேழு என்ற எண்

சச்சிதானந்தன் எட்டு மாதமாக இருமிக்கொண்டே இருந்தார். பேக்கரியில் மாக் குழைக்கும் வேலை. மாத்தூசியால் வந்த ஆஸ்துமா என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டால் அந்த வேலை போய்விடும் என்பது அவருடைய பயம். "சும்மா தொண்டை அரிப்பு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மனைவி நகுலேஸ்வரி விடுகிற ஆளா? தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூச்சுப் பரிசோதனை செய்யும் சுப்ரியா திருச்சிக்காரப் பெண். "மூச்சுக்குழாய் உள்ளுக்குள்ள வீங்கியிருந்தா இந்த மெஷின் காட்டற எண் ஏறும், சார். திரையில இருக்கிற மேகம் ரெண்டு கோட்டுக்கும் நடுவுலயே நிக்கணும். ஒரே சீரா பத்து வினாடி ஊதுங்க."

ஊதினார். ஆறாவது வினாடியில் இருமல் கிளம்பி எல்லாம் பாழ். மறுபடியும் ஊதினார். மேகம் தள்ளாடித் தள்ளாடி நின்றது. நகுலேஸ்வரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

பதினேழு.

"நார்மல்தான்," என்றாள் சுப்ரியா. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "இவ்வளவு இருமறீங்க, எண் இப்படிக் கம்மியா இருக்கே. வாயில வெச்சு இழுக்கற ஸ்டீராய்ட் பம்ப் ஏதாவது எடுக்கறீங்களா? அது எண்ணை இறக்கிடும்."

"இல்லைப் பிள்ளை. நான் ஒண்டும் எடுக்கிறேல்லை."

மனிதர் கண்கூடச் சிமிட்டவில்லை. நகுலேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கும் ஆஸ்துமா உண்டு. ஒரு மாதம் வரவேண்டிய தன் பழுப்பு நிற ஸ்டீராய்ட் பம்ப் இரண்டே வாரத்தில் தீர்ந்துபோகிறது என்று போன கிழமைதான் பார்மசிக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு வந்திருந்தாள். அந்த அப்பாவிமேல் ஒரு பிழையும் இல்லை. கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்!

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் இந்த மனிதர் திரும்பவும் மாத்தூசிக்குள் போய் நிற்பார், ஒருநாள் மூச்சடைத்து விழுவார். சுப்ரியா முடிவைப் பதியத் தொடங்கினாள். சச்சிதானந்தன் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பிடி கெஞ்சியது.

"எடுக்கிறவர் பிள்ளை. என்ர பம்பைத்தான் எடுக்கிறவர்."

சுப்ரியாவின் கை நின்றது. "அப்போ இந்த ரிசல்ட்டை நம்ப முடியாதும்மா. டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அவர் பார்த்துட்டு, மறுபடியும் ஊத தேதி குடுப்பார்."

வெளியே வந்ததும் சச்சிதானந்தன் கையை உதறினார். "என்ர வயித்தில அடிச்சுப் போட்டீர்!"

நகுலேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பயமும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"சாப்பாடு நான் உழைச்சுப் போடுவன். உங்கட மூச்சை நான் எங்க போய் வாங்கிறது?"