மனசுக்கு ஒரு சுற்று

முப்பது வருஷமாக லாரி வீல் நட்டு முடுக்கியவன் நான். ஸ்பேனரில் பைப்பை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று முடுக்குவேன். எல்லாம் இறுகிய பிறகும், மனசுக்கு ஒரு சுற்று. அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுப் பூட்டைக்கூட மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள்.

அன்று பதினொரு மணிக்கு என் மகளுக்கு இன்டர்வியூ. ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத் தூரம். ஆயிலை நானே மாற்றித் தருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, காலையிலேயே வண்டியடியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் மெக்கானிக்தான், ஸ்கூட்டர் கடையில். என் பிடிவாதத்துக்கு விட்டுக்கொடுத்தாள்.

"அப்பா, எஞ்சின் அடிப்பக்கம் அலுமினியம். மரை சீக்கிரம் போயிடும். ஆயில் அடைக்கிற போல்ட்டைக் கையாலயே ஏத்துங்க. அப்புறம் சின்ன ஸ்பேனர். வாஷர் அழுந்தினதும் நிறுத்திடுங்க. உங்க மனசைக் கூட்டிட்டு வராதீங்க."

"எனக்கேவா?"

அவள் குளிக்கப் போனாள். சொன்னபடியே செய்தேன், சத்தியமாக. வாஷர் அழுந்தியது, நிறுத்தினேன். ஆனால் வழியில் போல்ட் கழன்று, ஆயில் கொட்டி, பிள்ளை நடுரோட்டில் நிற்பது கண்முன் வந்தது. ஒரே ஒரு சுற்று.

இறுகி வந்த போல்ட் திடீரென்று லேசானது. இழுத்தால், உள்ளே இருந்த மரை வெள்ளைச் சுருளாகக் கூடவே வந்துவிட்டது. பாழாய்ப்போன கை! எனக்கு அழுகையே வந்தது.

ஈரத் தலையோடு வந்தவள் சுருளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெரியும். நேத்தே கடையிலேர்ந்து இதுக்கான சாமான் எடுத்துட்டு வந்துட்டேன்."

ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, தூள் போகத் துடைத்து, உள்ளே போல்ட்டைப் பிடிக்க ஒரு எஃகுச் சுருளை இறக்கினாள். போல்ட் போடும் நேரம், "கையைப் பின்னால கட்டிக்கங்க" என்றாள். கட்டிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குக் கிளம்பினாள். பத்து மணிக்குள் இரண்டு தடவை போன் செய்தேன். பத்தேகாலுக்கு இன்னொன்று. நாலாவது தடவை விரல் போனபோது, என் மனைவி அந்த வெள்ளைச் சுருளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். போனைக் கவிழ்த்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"வேலை கிடைச்சிடுச்சு. ஏம்ப்பா அப்புறம் நீங்க கூப்பிடவே இல்ல? நான் பயந்தே போயிட்டேன்."