நான்காம் வகுப்பின் தாழ்ப்பாள்

1976 ஜூனில், புனேயின் கேம்ப் பகுதியில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளியில், நான்காம் வகுப்புக் கதவைத் தாழிட்டதும் ஆரோக்கியமணி உட்கார்ந்திருந்த பெஞ்ச் அவளையும் சுமந்துகொண்டு கதவருகே போய் நின்றது. அன்று மழையும் பெய்தது. பிரேயர் பெல் அடித்ததும் எல்லா வகுப்புகளையும் தாழிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம் என்பதால் பெஞ்ச் தினமும் போனது. குறை பெஞ்சில்தான் என்று முடிவானது. வேறு பெஞ்ச் போட்டார்கள், அதுவும் போனது. தரையோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். தரைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார், ஈரத்தோடு போனது. மேலே உட்கார்ந்திருந்த பிள்ளையை ஒரு வார்த்தை கேட்க அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் அழவில்லை. கரும்பலகையைப் பார்ப்பாள், ஓர் எழுத்தும் மனதில் ஏறாது. அந்த மே மாதம் ஸ்டவ் வெடித்து அவள் அம்மா ஆனந்தவல்லி சமையலறைக்குள் மாட்டிக்கொண்டு இறந்தபோது, உள்ளே தாழிட்ட கதவைத் திறக்க முடியாமல் வெளியே நின்றவள் அவள்தான். இது கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு முறை பெயிலானாள். புதிதாக வந்த மில்ட்ரெட் டீச்சரிடம் அவள் அப்பா இருதயராஜ் வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா ஹாஸ்டல்லதான் விடணும் டீச்சர். ஒத்த ஆளா என்னால முடியல."

அந்த ஹாஸ்டலில் இரவானால் வெளியே பூட்டுவார்கள்.

மறுநாள் மில்ட்ரெட் ஸ்க்ரூடிரைவரால் தாழ்ப்பாளைக் கழற்றி ஆரோக்கியமணியின் கையில் வைத்தாள்.

"இது ஒன்கிட்டயே இருக்கட்டும். நீ குடுக்காம இந்தக் கதவ யாரும் பூட்ட முடியாது."

தலைமையாசிரியை இங்கிலீஷில் திட்டினார். பெஞ்சும் உடனே அடங்கவில்லை. தீபாவளி வரை, கதவைச் சும்மா சாத்தினாலே பாதி தூரம் போனது. அது நின்ற இடத்துக்கே மில்ட்ரெட் தன் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பாடம் நடத்தினாள். பிள்ளை எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள், பெருக்கல் கணக்குக்கு நடுவே கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொண்டது. பெஞ்ச் அசையவில்லை.

"மிஸ், அங்க ஏழு வரணும்."

மூன்று வருடத்தில் அவள் வகுப்பில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ஏப்ரலில் பாஸானாள். ஹாஸ்டல் பேச்சு நின்றது. இருதயராஜ் பள்ளி வாசலிலேயே அழுதார்.

1985இல் பத்தாவது முடித்துப் போகும்போது தாழ்ப்பாளைத் திருப்பிக் கொடுத்தாள். பியூன் பழைய இடத்திலேயே அதை மாட்டினார். ஜூனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் பெஞ்ச் கதவை நோக்கி நகர்ந்தது. யாரும் சாமியாரைக் கூப்பிடவில்லை. பியூன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார்.