பச்சை வாளி

என் தம்பி பெண்டாட்டி கோமதித்தாயைத் தனியாக டாக்டரிடம் அனுப்ப நான் தயாராக இல்லை. எமர்ஜென்சி நடந்த எழுபத்தாறாம் வருஷம் அது. சந்தைக்குப் போனவர்களைக்கூட வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்று சங்கரன்கோவில் முழுக்கப் பேச்சு. முடிந்ததும் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து அனுப்புவார்களாம். தம்பி காசிராஜனுக்கோ இரண்டும் பெண். ஆண் பிள்ளை வேண்டும் என்று நான்தான் அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். ஆடித்தபசுக்குக் கோயிலை வலம்வரும் ஆடிச்சுற்று நூற்றெட்டும் கோமதித்தாய் சுற்ற வேண்டும்.

பன்னிரண்டாவது சுற்றிலேயே நின்றுவிட்டாள். விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றினாள். இவளுக்கு இன்னொரு பிள்ளை பெற மனசில்லை, அதுதான் நழுவுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். பிடித்து உலுக்கியதும் அழுதுவிட்டாள்.

"இருமினா, தும்மினா, வேகமா நடந்தா ஒண்ணுக்குப் போயிருது மதினி. அம்மன் சந்நிதியில எப்படிச் சுத்துவேன்?"

டாக்டர் ரசீதா ஊருக்குப் புதிது. சிரித்த முகம். அதையும் நான் நம்பவில்லை.

"மூத்திரப்பையில குழாய் வழியாத் தண்ணி ஏத்திப் பாக்கணும். எவ்வளவு தாங்குது, எப்ப முட்டுது, இருமினா ஒழுகுதான்னு தெரியணும்" என்றார்.

குழாய் என்றதுமே எனக்குப் பொறி தட்டியது. "இவ எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடமாட்டா. நானும் கூடவே நிப்பேன்" என்றேன்.

"தாராளமா நில்லுங்க" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கோமதித்தாய் கட்டிலில் படுத்தாள். நர்ஸ் உள்ளே வந்தாள். அவள் கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி!

"ஏட்டி, எந்திரி! வாளி வந்துட்டு பாத்தியா?" என்று கோமதித்தாயின் கையைப் பிடித்து இழுத்தேன்.

இதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேணும்னா போங்க மதினி. நான் பாத்துட்டுத்தான் வருவேன். மிச்சத்தையும் சுத்தணும்லா."

நான் போகவில்லை. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கியது. "முட்டுதா?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டுகிறது என்றதும் குழாயை எடுத்துவிட்டு, வாளிக்கு மேலே காலை அகட்டி நிற்கச் சொன்னார்.

"இப்ப இருமுங்க."

இருமினாள். வாளியில் சளசளவென்று விழுந்தது. வாளி இதற்குத்தான் வந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுபடி படுக்கவைத்து, டாக்டர் இரண்டு விரலால் உள்ளே மேல்பக்கமாகத் தாங்கிப் பிடித்து இருமச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை.

"தாங்குற தசை பிரசவத்துல தொய்ஞ்சு போச்சு. மொதல்ல அதை இறுக்குற பயிற்சி சொல்லித்தாரேன். பிள்ளை பெறுறதுக்கு ஒரு தடையும் இல்ல. எத்தனையோ பொம்பளைகளுக்கு இது இருக்கு, ஒருத்தரும் வாய் திறக்கிறதில்ல. நீங்க ஏன் இத்தனை நாள் சொல்லல?"

கோமதித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "மதினிக்குத் தெரிஞ்சா அடுப்படியில விடமாட்டாகன்னு பயம்."

விட்டிருக்கமாட்டேன்தான். அதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வாக்கப்பட்டுப் போன இளையரசனேந்தலில் நாலாவது பிள்ளையைப் பெற்றதிலிருந்து பதினெட்டு வருஷமாக, சேலைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் நானும் நடமாடிக்கொண்டிருந்தேன். கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியாது. ஏதோ பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்திருந்தேன். இப்படி ஒன்றை ஒளித்து வைத்திருப்பவளுக்கு, ஊரில் எல்லாரும் எதையோ ஒளிப்பதாகத்தானே தோன்றும்?

நர்ஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"எம்மா, அதைக் கழுவி இங்கன கொண்டா" என்றேன்.

"எதுக்கு?"

"நானும் இருமிப் பாக்கணும்."

சேலையைச் சரிசெய்துகொண்டு கோமதித்தாய் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்கட்டி போற?" என்று அவள் கையைப் பிடித்தேன். "கூடவே நில்லு."